கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு மீட்டர்

என் கடையில் இருந்த கயிறு நல்ல கயிறு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை எடுத்துக்கொண்டு போன பேரவைக்காரர்கள் இப்போது அதன் பக்கத்தில் வைத்திருக்கும் பலகையில் கயிற்றின் நிறம், பின்னல், 'அது எழுப்பும் உணர்வு' எல்லாம் எழுதியிருக்கிறது, ஆனால் நல்ல கயிறு என்று ஒரு வார்த்தை கிடையாது. நூறு மீட்டர், ஒரே துண்டு. ஆறு வருடத்தில் இருபத்தோரு பேரை உயிரோடு மேலே இழுத்த கயிறு அது.

நான் மலையடிவாரத்தில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவன். டென்ட், பூட்ஸ், ஹெல்மெட், இருபது மீட்டரில் சின்னக் கயிறுகள். அதோடு மீட்புச் சாமான் ஒரு செட் கடைச் சுவரில் தொங்கும். பெரிய கயிறு, கப்பி, மடக்கு ஸ்ட்ரெச்சர். அது வாடகைக்கு இல்லை. மேலே யாராவது மாட்டிக்கொண்டால் அந்த நேரத்தில் கடையில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடுவேன்.

போன மாதம் மலையேற்றப் பண்பாடு மற்றும் பாரம்பரியப் பாதுகாப்புப் பேரவையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் மடிப்புக் கலையாத மலைச் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் என் கயிற்றைத் தொடாமல் பார்த்து, "இது வெறும் கயிறு இல்லைங்க," என்றார். நானும் ஆமாங்க என்றேன். அங்கேதான் புத்தி கெட்டுப் போயிற்று. ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து, மொத்தச் செட்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'அன்றாடப் பயன்பாட்டினால் அழிந்துகொண்டிருந்த பொருட்கள் காப்பாற்றப்பட்டன' என்று சான்றிதழில் இருந்தது. என் கயிற்றை என்னிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறார்கள். போட்டோவில் நான் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் மனைவி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கயித்தைக் குடுத்துட்டு காகிதத்தை வாங்கிட்டு வந்திருக்கீங்க. மேல யாராச்சும் விழுந்தா இதைத் தொங்க விடுவீங்களா?"

"மாத்துக் கயிறு தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"எப்போ?"

"பரிசீலனையில இருக்காம்."

அவள் சான்றிதழைக் கயிறு தொங்கிய காலி ஆணியில் மாட்டினாள். அவள் இப்படிச் செய்தால் அது நல்லதுக்கில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து ஒரு நாள் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு சோடாபுட்டி கடைக்குள் வந்து விழுந்தான். சோடாபுட்டி என் மச்சானின் கூட்டாளி. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. லீவு கிடைத்தால் வீட்டில் இருக்காது அந்த ஜென்மம், மலையில்தான் இருக்கும். இருவரும் விடியற்காலையிலேயே மேலே போயிருந்தார்கள். இப்போது சோடாபுட்டி மட்டும் முழங்கை எல்லாம் சிராய்ப்போடு வந்து நின்றான்.

"அண்ணே, உங்க மச்சான் விளிம்புல சறுக்கிட்டாருண்ணே. எண்பது மீட்டர் கீழ ஒரு திட்டுல கிடக்கறாரு. கால் ஒடஞ்சிருக்கு. போனும் ஒடஞ்சிருச்சு. பெரிய கயிறு இல்லாம முடியாது."

"உசுரு?" என்று கேட்டாள் என் மனைவி.

"விசில் ஊதிட்டு இருக்காருக்கா. ஆனா ரெண்டரை வரைக்கும்தான் பாப்பாராம். பதில் வரலன்னா நானும் வழியில விழுந்துட்டேன்னு வெச்சுக்கிட்டு அவரே இறங்கறேன்னு கத்திச் சொல்லிட்டாரு."

ஒடிந்த காலோடு அந்தப் பாறையில் இறங்குவது என்றால் நேரே சுடுகாட்டுக்கு இறங்குவதுதான். மலையில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு. மாட்டிக்கொண்டவன் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு ஊத வேண்டும். கேட்டவன் நிமிடத்துக்கு மூன்று ஊத வேண்டும். மூன்று என்றால் கேட்டுவிட்டோம், வருகிறோம், இருந்த இடத்தில் இரு என்று அர்த்தம். மூன்று வராவிட்டால் யாருமே கேட்கவில்லை என்றுதான் அவன் நினைப்பான்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வந்து சேர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் மலைத் தண்ணீர் அந்தத் திட்டு வழியாகத்தான் இறங்கும். சின்னக் கயிறுகளை முடிச்சுப் போட்டு நீட்டலாம் என்றான் சோடாபுட்டி. முடிச்சு போட்ட கயிற்றில் ஆளைத் தொங்கவிடுவது தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை; பாறை விளிம்பில் சிக்கும், கப்பியில் ஓடாது. பெரிய கயிறு பத்து நிமிட நடையில் பேரவைக் கட்டடத்தில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வந்தால் போயிற்று. கடையில் நின்றவர்களைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு நானும் மனைவியும் ஓடினோம்.

பேரவைக் கட்டடம் மலையைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. கடையில் கேட்காத விசில் அங்கே வாசலிலேயே தெளிவாகக் கேட்டது. எண்ணினேன். ஆறு. கழுத்தில் தொங்கிய என் விசிலை வாயில் வைக்கப் போனேன், காவலாளி கையை நீட்டினார்.

"உலோகப் பொருள் எதுவும் உள்ள போகக் கூடாதுங்க. பூட்ஸும் கழட்டணும்."

"மலைப் பேரவைக்கு பூட்ஸ் ஆகாதா?"

"தரை பாழாகுதுங்க."

"ஒரு தடவை ஊதிட்டுத் தர்றேன்."

"மேடு மொத்தமும் வளாகம்தான், ஊதக் கூடாதுன்னு பலகை இருக்கு பாருங்க."

பலகை இருந்தது. விசிலையும் பூட்ஸையும் வாங்கிப் பெட்டியில் பூட்டி டோக்கன் கொடுத்தார். உள்ளே பார்க்கிற அதிகாரி வெளியேறும் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்குமாம். துணிச் செருப்பு ஒன்று தந்தார். அதை மாட்டிக்கொண்டு வழுக்கும் தரையில் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி போனோம். வாழ்க்கையில் நான் இவ்வளவு ஜாக்கிரதையாக எந்தப் பாறையிலும் நடந்ததில்லை.

கயிறு கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது, மேலே விளக்கு வேறு. சாவி பிரிவு அலுவலரிடம். அவர் மேசையில் காகிதங்களை ஓரம் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"பொருள் வெளிய போகணும்னா காரணம் வேணும்," என்றார்.

"ஆள் மாட்டிட்டு இருக்கான் சார். கால் ஒடஞ்சிருக்கு."

"அது உங்க காரணம். படிவத்துல இருக்கற காரணமா சொல்லுங்க." படிவத்தை என் பக்கம் திருப்பினார். கண்காட்சி, ஆய்வு, பூச்சி மருந்து அடித்தல். மூன்றே கட்டம்தான்.

"மீட்புன்னு ஒண்ணு இல்லையா?"

"இருந்துச்சு. போன திருத்தத்துல எடுத்துட்டாங்க. மீட்புக்குப் போனா பொருள் சேதமாகுதுன்னு புகார் வந்துச்சு."

"அப்போ பூச்சி மருந்துன்னு போடுங்க," என்றாள் என் மனைவி.

"பூச்சி இருக்கறதுக்கு ஆதாரம் வேணுமேம்மா."

"எதிர்ல உக்காந்திருக்கே."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் கண்காட்சி என்ற கட்டத்தில் குறி போட்டேன். கண்காட்சி என்றால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு, சிறப்பு விருந்தினர் பெயர், பார்வையாளர் வசதி ஆகியவை வேண்டும் என்றார். ஆய்வு என்று மாற்றினேன். எதைப் பற்றிய ஆய்வு என்றார். எண்பது மீட்டருக்குக் கீழே ஒரு ஆள் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பான் என்பது பற்றி என்றேன். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டு, வழிகாட்டிப் பேராசிரியர் யார் என்று கேட்டார். இது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி இரண்டு.

கதவைத் தள்ளிக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய ஒருவர் வந்தார். ஒலி ஆவண அலுவலராம். முகமெல்லாம் வெளிச்சம்.

"யாரும் சத்தம் போடாதீங்க! மேல யாரோ ஆறு ஊதல் ஊதறாங்க. அசல்! இயற்கையான சூழல்ல! மூணு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன்."

"அது என் தம்பி," என்றாள் மனைவி.

"உங்க தம்பியா! வாங்க, வாங்க, அவர் பேரு, வயசு எல்லாம் வேணும்."

மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மைக் ஒன்று மலையைப் பார்த்துக் கம்பத்தில் நின்றது. மலை எதிரே. சாம்பல் பாறையில் சிவப்பாக ஒரு புள்ளி. மச்சானின் சட்டை. போன வருடம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், தூரத்திலிருந்து தெரியட்டும் என்று.

"உங்ககிட்ட விசில் இருக்கா சார்? மூணு ஊதினாப் போதும், அவன் நகராம இருப்பான்."

"ஐயையோ, வேண்டாம்! பதில் குடுத்தா அவர் நிறுத்திடுவார். எனக்கு இன்னும் இருபது நிமிஷம் பதிவு வேணும்."

"அவன் இறங்க ஆரம்பிச்சுட்டா செத்துடுவான்!"

அவர் விரலை உதட்டில் வைத்தார். "மெதுவா. உங்க குரலும் விழுது." பிறகு கண்ணை மூடிக் கேட்டார். "கவனிச்சீங்களா? ஊதல்ல ஒரு சோர்வு வருது. இந்தச் சோர்வை எந்த ஸ்டூடியோவுலயும் செய்ய முடியாது."

நான் எண்ணினேன். ஐந்துதான் வந்தது. அந்த ஆளைத் தூக்கிக் கீழே போட எனக்கு இரண்டு கையும் துடித்தது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இவனை அப்புறம் பாத்துக்கலாம். இங்க பெரிய ஆள் யாரு?"

பெரிய ஆள் இயக்குநர். அவர் அறை ஜன்னலும் மலையைப் பார்த்ததுதான். வெளிச்சம் பட்டால் சாமான் மங்கிவிடும் என்று தடிமனான திரை போட்டு மூடியிருந்தது. அவர் எங்களை உட்கார வைத்து, சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

"உங்க வேதனை எனக்குப் புரியுது," என்றார். "ஆனா ஒண்ணை நீங்க யோசிக்கணும். மலைக்கு ஆளுங்க வருவாங்க, போவாங்க, விழுவாங்க. இது காலம் காலமா நடக்கறது. ஆனா இந்தக் கயிறு ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தனி மனுஷனுக்காக அதை அனுப்பிட்டு, நாளைக்கு அறுந்துபோச்சுன்னா வருங்காலச் சந்ததிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? மலையில மாட்டிக்கிட்டவங்களை எப்படிக் காப்பாத்தினாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க மலை ஏறியிருக்கீங்களா சார்?"

"இல்லை. வேணும்னேதான் ஏறலை. ஏறினா மலை மேல ஒரு பாரபட்சம் வந்துடும். நிர்வாகம் பண்றவனுக்கு அது கூடாது."

திரைக்கு அப்பால் விசில். நான்கு. நிமிட இடைவெளி. மூன்று. அந்த மூன்றில் கடைசி பாதியிலேயே நின்றுவிட்டது. இயக்குநர் கயிறுகளின் தத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுத்த நிமிடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்தெட்டு.

என் மனைவி இயக்குநரின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு நீளமான கொம்பு வளைந்து தொங்கியது.

"அது என்னங்க சார்?"

அவருக்கு மலர்ச்சி தாங்கவில்லை. "நல்லாக் கேட்டீங்க. தொண்ணூறு வருஷத்துக் கொம்பு. மேல குடில்ல காவல் இருந்தவங்க, மாட்டிக்கிட்டவங்களுக்குப் பதில் குடுக்க ஊதினது. எங்ககிட்ட இருக்கற பொருள்லயே இதுதான் ஒசத்தி. இங்க வந்ததுலேருந்து யாரும் இதுல வாயை வெச்சதே..."

அவள் செருப்பை உதறிவிட்டு அவர் மேசை மேல் ஏறினாள். கோப்புகள் சரிந்தன. கொம்பைக் கழற்றி, ஒரு கையால் திரையைக் கிழிக்காத குறையாக இழுத்து, ஜன்னலைத் திறந்து ஊதினாள். முதலில் வெறும் காற்றும் தூசியும்தான் வந்தன. இருமினாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். கொம்பு பிடித்துக்கொண்டது. இத்தனை சின்னப் பெண்பிள்ளையின் நெஞ்சில் இவ்வளவு காற்று இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒன்று. இரண்டு. மூன்று. அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

பிறகு சத்தமே இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், ஊதுடா, ஊதுடா," என்று முனகிக்கொண்டே நின்றாள்.

மலையிலிருந்து ஒரு விசில் வந்தது. இன்னொன்று. எண்ணினேன், ஆறு. முழுசாக ஆறு. நான் இயக்குநர் முன்னாலேயே அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

ஒலி ஆவண அலுவலர் ஹெட்போனைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரு அது? பதிவு மொத்தமும் பாழ்!" இயக்குநர் நாற்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். மனைவி கொம்பைக் கக்கத்தில் இடுக்கியபடி அறையில் மற்றப் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பனிக்கோடாலியில் அவள் கண் நின்றது.

"கயித்தைக் குடுத்து அனுப்புங்கய்யா," என்று கத்தினார் இயக்குநர். "இந்தம்மா மத்ததைத் தொடறதுக்குள்ள குடுத்து அனுப்புங்க!"

பிரிவு அலுவலர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். ஸ்ட்ரெச்சரும் கப்பியும் வேறு அறையில், அதன் சாவி விடுமுறையில் போனவரிடம். சரி, கயிறாவது கிடைத்ததே என்று இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். அந்தக் கயிற்றின் கனம் என் தோளுக்குப் பாடம். இது வெறும் கூடை மாதிரி மேலே வந்தது. உள்ளே ஒரு மர உருளை இருந்தது. அதன் மேல்தான் கயிறு ஒரே ஒரு அடுக்காகச் சுற்றியிருந்தது.

"மீதி எங்க?"

"திறப்பு விழாவுக்கு எண்பத்தாறு சிறப்பு விருந்தினர் வந்தாங்க," என்றார் பிரிவு அலுவலர். "ஆளுக்கு ஒரு மீட்டர் நினைவுப் பரிசு. ஃப்ரேம் போட்டுக் குடுத்தோம்."

"வெட்டிட்டீங்களா?"

"அளந்துதான் வெட்டினோம். பதினாலு மீட்டர் அப்படியே இருக்கு, பாருங்க."

"பாரம்பரியம் ஒரே இடத்துல குவிஞ்சு கிடக்கக் கூடாது," என்றார் பின்னால் வந்து நின்ற இயக்குநர். "பரவலாக்கறதுதான் எங்க கொள்கை."

நான் மர உருளையைக் கீழே வைத்தேன். மனைவிதான் பேசினாள், சத்தமே போடாமல். "ஏங்க, கடையில சின்னக் கயிறு எத்தனை இருக்கு?"

"ஆறு."

"போலாம்."

வாசலில் காவலாளி என் பூட்ஸை நாடாவை அவிழ்த்துத் தயாராக வெளியே வைத்திருந்தார், அதன் மேல் என் விசில். வெளியேறும் சீட்டு கேட்கவில்லை. நான் மாட்டி முடிப்பதற்குள் அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "இழுக்க ஆள் வேணும்ல?" என்று கூடவே ஓடி வந்தார்.

கடையில் நின்றவர்களையும் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர் விளிம்பைத் தொட்டபோது மூன்றே முக்கால், தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வழி நெடுக மூன்று மூன்றாக ஊதிக்கொண்டே ஏறியதில் எனக்கு உதடு மரத்துப் போயிருந்தது. ஆறு கயிறு, ஐந்து முடிச்சு. ஒவ்வொரு முடிச்சையும் நானே போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி போட்டேன். என்னை இறக்கினார்கள். முடிச்சு ஒவ்வொன்றும் விளிம்பில் வந்து சிக்கும்; மேலே அதைத் தூக்கி விடும் வரை நான் மழையில் அந்தரத்தில் தொங்குவேன். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை என்று சொன்னேனே, அதை ஐந்து முறை செய்தேன்.

மச்சான் திட்டின் ஓரத்தில் இருந்தான். நல்ல கால் ஏற்கனவே விளிம்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"கிளம்பிட்டேன் மாமா," என்றான், பல் கிட்டித்துக்கொண்டு. "ஒரு கைப்பிடி இறங்கியும் ஆச்சு. அப்பத்தான் அந்தக் கொம்பு கேட்டுச்சு. யாரு ஊதினது?"

"உங்கக்கா."

"அதான். திட்டற மாதிரியே இருந்துச்சு."

அவனை முதுகில் கட்டிக்கொண்டு மேலே வந்தேன். ஸ்ட்ரெச்சர் இல்லை. எட்டுப் பேர் மாற்றி மாற்றிச் சுமந்ததில், ஒடிந்த கால் வழியெல்லாம் ஆடியது. அவன் கத்தியதை நான் எழுதப் போவதில்லை. நாங்கள் பாதி வழி இறங்குவதற்குள் அந்தத் திட்டு மேல் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டாம, ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது," என்றார். "நடப்பார். மலை ஏறுவாரான்னு என்னைக் கேக்காதீங்க." மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. கைதுக்கோ அபராதத்துக்கோ தயாராகத்தான் பிரித்தேன்.

'மேற்படி கொம்பு மூன்று முறை ஊதப்பட்டதால், அது பயன்பாட்டில் உள்ள பொருள் என்ற வகைக்கு மாறிவிட்டது. பயன்பாட்டில் உள்ள பொருளைக் காப்பகத்தில் வைத்திருக்க விதியில் இடமில்லை. எனவே அது பாரம்பரியத் தகுதியை இழந்து பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. தாங்கள் எடுத்துச் சென்ற அக்கொம்பைத் திருப்பித் தர வேண்டியதில்லை.'

மனைவி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"ஒரு தடவை உபயோகிச்சுட்டா அவங்களுக்கு வேண்டாமாம், அப்படித்தானே?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"எல்லாச் சாமானுக்கும் இதே விதிதானா?"

"பொருள்னுதானே இருக்கு. எல்லாத்துக்கும்தான்."

"ஸ்ட்ரெச்சருக்கும்?"

"அதுக்கும்தான். ஏன் கேக்கறே?"

அவள் உள்ளே போய்ப் படுக்கையிலிருந்து ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள். "சாவிக்காரர் இன்னிக்கு லீவு முடிஞ்சு வந்திருப்பாரு. நான் போய் அதுல ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்," என்றாள். "சாயங்காலமா ஆள் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போங்க."